குறையாத தண்ணீர்ப் பானை

இந்த வாரம் வாசகர்கள் மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். மூன்றிலும் ஒரே கேள்விதான். "பத்து வருஷமாக வீரபாண்டித் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவீர்களே... இந்த வருஷம் பந்தல் எங்கே?"

பக்கத்து அரிசிக் கடைக்காரர் கடிதம் போடுகிற ஜாதி இல்லை. செங்கல் அடுக்க ஆரம்பித்த அன்றைக்கே நேரில் வந்து நின்றார்.

"ஏய்யா, சாமி காரியத்துக்குன்னு வாங்குன செங்கல்லுல கக்கூசு கட்றியாமே? ஒனக்குப் புத்தி கித்தி பெசகிருச்சா?"

பிசகவில்லை. நாலு வருஷமாகப் பிசகிக் கிடந்தது, மாசி மாதம்தான் நேரானது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். வழக்கம் போலப் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன். ஆனாலும் நடுவில் மூத்திரம் என்ற வார்த்தை வரும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்துவிடுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. போடியில் தேனி ரோட்டோரம் எனக்குச் சின்னதாக ஒரு ஏலக்காய்க் கிட்டங்கி, அதாவது கிடங்கு. மலையிலிருந்து மூட்டையில் வரும் காயைச் சுளகில் போட்டுப் பெரிசு, சிறுசு, உடைசல் என்று தரம் பிரிக்கப் பதினாலு பெண்கள். அவர்களோடு தரையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பது என் மனைவி தனம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என்னை இத்தனை காலம் தொழிலில் நிறுத்தி வைத்திருப்பது இரண்டு பேர். ஒன்று முருகன். இன்னொன்று தனம்.

கிட்டங்கிக்குள் ஒரு பெரிய மண்பானை உண்டு. காலையில் குளித்து, திருநீறு பூசி, நானே தண்ணீர் நிரப்பி வெட்டிவேர் போடுவேன். சாயங்காலம் பார்த்தால் கழுத்து வரை அப்படியே இருக்கும். 'முருகன் அருள், எங்கள் பானையில் தண்ணீர் குறைவதே இல்லை' என்று இதே பக்கத்தில் ஒரு தடவை எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா? எத்தனை பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்!

இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தனத்துக்குக் கொஞ்ச காலமாகவே நீர்க்கடுப்பு. ஒன்றுக்குப் போனால் எரிச்சல், அடிவயிற்றில் வலி, சொட்டுச் சொட்டாய்ப் போகும். இரண்டு மாதம் நன்றாக இருப்பாள். மறுபடி வரும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் சூடு. ஏலக்காய்க்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் சூடு பிடிக்காதா? வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். தொப்புளில் விளக்கெண்ணெய், கால் பெருவிரலில் சுண்ணாம்பு. ரொம்ப முடியவில்லை என்றால் கடைத்தெருவில் மாத்திரை. இதற்குமேல் ஒரு புருஷன் என்ன செய்வான் என்ற நிம்மதி வேறு எனக்கு!

மாசி மாதம் ஒரு மத்தியானம். சுளகைக் கீழே வைத்தவள் அப்படியே நடுங்க ஆரம்பித்தாள். மத்தியான வெயிலில், சாக்கை எடுத்துப் போர்த்தியும் பல் கிட்டுகிறது. முதுகில் விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "ஏங்க... இங்கன கத்தி வச்சாப்ல இருக்கு" என்றாள். உடம்பு அனலாய்க் கொதித்தது.

கார் பிடித்துத் தேனிக்கு ஓடினேன். அங்கே ஒரு டாக்டரம்மா. சிரிக்கத் தெரியாத முகம், ஆனால் கை பொன்னான கை. ஊசி போட்டார், மூத்திரத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். முடிவு வந்தபிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"இது சூடு இல்லை. நீர்ப்பையில கிருமி. திரும்பத் திரும்ப வந்து இப்போ கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. இப்படியே விட்டா கிட்னி கெட்டுப் போகும். அப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோஜனம் இல்லை."

கிட்னி... தனத்துக்கா? காலையில் எனக்கு இட்லி வைத்துவிட்டு வந்தவளுக்கா?

டாக்டரம்மா அவளிடம் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறீங்க?"

நான் முந்திக்கொண்டேன். "தண்ணிக்கு நம்ம கிட்ட பஞ்சமே இல்லீங்க டாக்டரம்மா! ஊருக்கே பந்தல் வைக்கிறவுக நாங்க. கிட்டங்கியில பானை நிறைய..."

"நான் அவங்களைக் கேட்டேன்."

தனம் சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "விடியக்காலை அரைக் கிளாசு காப்பிங்க. அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் பொழுதடைஞ்சு வீட்டுக்கு வந்துதான்."

"பகல் முழுக்க ஒண்ணுமே இல்லையா? ஏன்?"

"குடிச்சா போகணும்லங்க. போறதுக்கு எங்கன எடம் இருக்கு?"

பேனாவை வைத்துவிட்டு டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு வருசம் இருக்கும். அதுக்கு முந்தி கிட்டங்கிக்குப் பக்கவாட்டுல கருவேலம் புதர் இருந்துச்சு. மறைவா இருக்கும், ஆளுக்கொரு நேரமாப் போயிட்டு வருவோம். இவுக அதை வெட்டிட்டாக."

"எதுக்கு வெட்டினாங்க?"

தனம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காட்டிக்கொடுக்க மனசில்லாத பார்வை. ஆனால் டாக்டரம்மாவிடம் பொய் சொல்லவும் வரவில்லை.

"தண்ணிப் பந்தலைப் பெருசாப் போட."

வாசகர்களே, கன்னத்தில் அறைந்தால் வலிக்கும். இது வலிக்கவில்லை. காது மட்டும் 'ஙொய்' என்றது. வருஷத்தில் எட்டு நாள் ஊர் பேர் தெரியாதவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க, வருஷம் பூராவும் பதினைந்து பெண்களின் தொண்டையை அடைத்திருக்கிறேன். அதுவும் தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி!

டாக்டரம்மாவின் அடுத்த கேள்வியும் வந்தது. "முந்தி வாங்கின மாத்திரையை எல்லாம் முழுசாச் சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு நாள்ல கடுப்பு நின்னுரும்ங்க. மிச்சத்தப் பேச்சியம்மாளுக்குக் குடுத்துருவேன். அவளுக்கும் இதேதான். அவ மிச்சம் வச்சா வேற ஒருத்திக்கு..."

பேச்சியம்மாள் எங்கள் கிட்டங்கியில் மூத்த ஆள். அங்கே ஒரு மாத்திரை அட்டை கைமாறிக் கைமாறிப் பதினைந்து பேரையும் சுற்றி வந்திருக்கிறது. மூட்டையில் ஒரு காய் குறைந்தால் கண்டுபிடிக்கிறவன் நான். எனக்கு இது தெரியாது!

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அரைகுறையாச் சாப்பிட்டா கிருமி சாகாதும்மா. அடி வாங்கி அடி வாங்கிப் பழகிரும். அப்புறம் அந்த மாத்திரைக்கே அது பயப்படாது." மதுரைக்குப் போய் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்த்து வரச் சொன்னார். போனோம். அவர் சொன்னது சரி. தனம் இத்தனை நாள் விழுங்கிய மாத்திரை அந்தக் கிருமிக்குப் பொரிகடலை மாதிரி ஆகியிருந்தது. வேறு மருந்து எழுதினார். 'வலி நின்றாலும் கடைசி மாத்திரை வரை' என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

திரும்பி வரும் பஸ்ஸில் தனத்திடம் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சாமி காரியத்துக்கு வெட்டுனீக. அதுல போயி இந்தப் பேச்சைப் பேசவா? பாவம்ல."

"நீயாவது வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கலாம்ல?"

"நான் மட்டும் வீட்டுக்கு ஓடிட்டு வந்தா, அவளுக மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?"

போடி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி என்று அவளும் நம்பியது போல இருந்துகொண்டாள்.

மறுநாள் கிட்டங்கியில் பெண்களிடம் கேட்டேன். எப்படிக் கேட்பது? தொண்டையைச் செருமி, கணக்குப்பிள்ளையை டீக்கு அனுப்பி, பானையைக் காட்டி, "இதுல ஏன் யாரும் தண்ணி குடிக்கிறதில்ல?" என்றேன். சுளகுச் சத்தம் நின்றது.

பேச்சியம்மாள்தான் வாயைத் திறந்தாள். "மொதலாளி, நீங்க திருநீறு பூசி வைக்கிற பானை. காலையில வந்ததும் அதைக் கும்பிட்டுட்டு உக்காருவோம். குடிக்கிறதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லாரும். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

"நெசத்தச் சொல்லவா மொதலாளி? மத்தியானம் மோரு அனுப்புவீகள்ல... அதைக் கூட நாங்க ஊத்திக்கிறதில்ல. துவையல வச்சு வறட்டுச் சோறாத்தான் முழுங்குறது. மோரு உள்ள போச்சுன்னா மூணு மணிக்கு மேல அடக்க முடியாது. மோரு பூராம் உங்க கணக்குப்பிள்ளை வயித்துக்குத்தான் போகுது. ஆளப் பாத்தீகளா, எப்படி வெளஞ்சு நிக்கிறாருன்னு?"

அவர் விளைந்ததையும் நான் முருகன் அருள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் சாமி முன்னால் நின்றேன். வழக்கமாகப் பாடும் பாட்டு வரவில்லை. எனக்கு இடம் வேண்டுமென்றால் எந்தச் சுவரோரமும் போதும், ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருந்ததற்கு என்ன பரிகாரம் என்று எந்தப் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது?

பத்து வருஷம் முடிந்ததால் பந்தலைச் சிமெண்ட் மண்டபமாகவே கட்டி, அப்பா பெயரைப் பொறிக்க வேண்டும் என்று செங்கல் இறக்கி வைத்திருந்தேன். மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டேன். மண்டபம் வரவேண்டிய அதே இடத்தில் இரண்டு கக்கூஸ். மேலே தொட்டி, உள்ளே குழாய், வாளி, நீலப் பெயிண்ட் அடித்த கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைத் தனமே நாலு தடவை போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள். "நல்லா விழுகுதுங்க" என்றாள். இருபது வருஷத்தில் நான் வாங்கிக் கொடுத்த எந்த நகையையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

கட்ட ஆரம்பித்த முதல் நாள்தான் அரிசிக் கடைக்காரர் வந்து நின்றது. பேச்சியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்க கடையில மூட்டை தைக்கிற பொம்பளைக எங்கன போறாளுகன்னு கேட்டீகளா? கேட்டுட்டு வாங்க, மிச்சத்தப் பேசுவோம்."

அவர் வந்த வழியே போனார். கேட்டாரா என்று தெரியாது.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்விட வேண்டும். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும். இவ்வளவும் டாக்டரம்மா என் முன்னால் சொன்னது. இன்னும் சிலவற்றை என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தனத்திடம் சொன்னார். அதைத் தனம் என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கிட்டங்கிப் பெண்களிடம் சொன்னாள். உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு. இப்போது எரிச்சல் என்று யார் சொன்னாலும் கைமாற்று மாத்திரை கிடையாது. தனம் தானே கூட்டிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறிவிடுகிறாள்.

அவளுக்குப் பங்குனியிலிருந்து காய்ச்சல் இல்லை, கடுப்பும் இல்லை. 'கிட்னி தப்பிச்சது. ஆனாலும் சந்தோஷப்படறதுக்கு இன்னும் ஆறு மாசம் பொறுங்க' என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார் என்று தனம் சத்தியம் செய்கிறாள். நான் பார்க்கவில்லை.

பானையா? பதினோரு மணிக்கே காலி. "மொதலாளி, தண்ணி!" என்று உள்ளேயிருந்து அதட்டுகிறார்கள்.

திருவிழாக் கதைக்கு வருகிறேன். பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, பேனர் இல்லை. அந்தப் பானையை மட்டும் வாசலில் தூக்கி வைத்தோம். பேச்சியம்மாள் சொம்போடு நின்றாள். முந்தைய வருஷங்களில் ஒன்று கவனித்திருக்கிறேன். ஆம்பளைகள் மடக் மடக்கென்று குடிப்பார்கள். பெண்கள் உள்ளங்கையில் வாங்கி உதட்டை நனைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஆகா, என்ன விரதக் கட்டுப்பாடு என்று நினைத்து, அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன்.

இந்த வருஷமும் மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா வந்தாள். எவ்வளவு தூரம் நடந்தாளோ, பாதம் பூராவும் புழுதி. உதட்டை நனைத்தாள். நகரப் போனவள், நீலக் கதவைப் பார்த்துவிட்டு நின்றாள். பேச்சியம்மாளின் காதில் ஏதோ கேட்டாள்.

"அங்கனதேன் ஆத்தா, பயப்படாமப் போ. உள்ள தாப்பா இருக்கு!"

போனாள். வந்தாள். கைகால் கழுவினாள். அப்புறம் பானைக்கு நேராக வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்து முடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னொரு சொம்பு குடு தாயீ" என்றாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் பெண்கள் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். அன்று முழுக்க நானும் தனமும் குடம் குடமாகத் தூக்கினோம். பத்து வருஷப் பந்தலில் அப்படித் தண்ணீர் செலவானதே இல்லை.

கடிதம் போட்டவர்களே, பந்தல் எங்கே என்று கேட்டீர்கள் அல்லவா? அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்த வருஷம் அதற்குக் கதவு போட்டிருக்கிறேன்.