எனக்கென்று ஒரு கோப்பை

நான் படிக்க வந்திருக்கும் இந்த வெளிநாட்டு ஊரில் என் பெயர் எழுதிய பொருட்கள் இரண்டு உண்டு. ஒன்று, பல்கலைக்கழக நடைக்கூடத்துச் சுவரில் இருக்கும் மரப்பெட்டியின் ஓர் அறை. ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவருக்கும் தபால் போட அப்படி ஒன்று இருக்கிறது. புறாக்கூண்டு என்றுதான் அதற்குப் பெயர். இன்னொன்று, நாங்கள் டீ குடிக்கும் அறையில் கொக்கியில் தொங்கும் ஒரு கோப்பை. புறாக்கூண்டைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கோப்பையைப் பார்த்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

திங்கள்கிழமை தோறும் கூண்டுக்குள் ஒரு மஞ்சள் தாள் கிடக்கும். 'ஆராய்ச்சி மாணவர்களுக்குச் செய்தியும் ஆதரவும்' என்று அதன் தலைப்பு. யாருடைய ஆய்வேடு முடிந்தது, நூலகம் எப்போது மூடும், யார் குடையைத் தொலைத்தார், மனம் சோர்ந்தால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த நாட்டில் ஆதரவைக்கூட சைக்ளோஸ்டைலில் நகல் எடுத்துத்தான் கொடுக்கிறார்கள். அதைத் தயாரிப்பவர் மிஸஸ் பெல். எங்கள் நலனைக் கவனிக்கும் அதிகாரி. யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

நான் கடத்தூர்ப் பக்கத்துக்காரன். பெயர் ஆரோக்கியசாமி. இங்கே யாருக்கும் அத்தனை நீளம் வாயில் நுழையவில்லை; 'சாமி' என்று சுருக்கிவிட்டார்கள். நான் ஆராய்வது நரம்புச் சிலந்தி. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படிக்கட்டுக் கிணற்றில் இறங்கி மொண்டு குடிக்கும் தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். குடித்தவன் உடம்புக்குள் ஒரு வருஷம் வளர்ந்து, காலில் கொப்புளம் வைத்து, வெள்ளை நூல் மாதிரி வெளியே வரும். ஒரு முழ நீளத்துக்கு மேலேயே இருக்கும்.

அது என் காலிலும் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. இடது கணுக்காலுக்கு மேலே கொப்புளம் உடைந்து, நூலின் நுனி தெரிந்தது. அதை இழுக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். எங்கள் கிணற்றில் சேறு வாருகிற, சேரியிலிருந்து வருகிற மாதன். 'அவர்' என்று எழுத இப்போதுதான் கை வருகிறது. அப்பாவைவிட மூத்தவரான அவரை ஊரில் நாங்கள் எல்லோரும் 'அவன்' என்றுதான் சொன்னோம். மாதன் தினமும் காலையில் வந்து என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். சீழைத் துணியால் துடைத்துவிட்டு, புழுவின் நுனியை ஓர் ஈர்க்குச்சியில் சுற்றி, ஒரு விரல் அளவு மட்டும் இழுப்பார். அவசரப்பட்டால் உள்ளே அறுந்துவிடும். அறுந்தால் கால் அழுகிவிடும். "ஆடாதீங்க சின்ன சாமி, இன்னும் கொஞ்சந்தாங்க" என்பார். அந்த நாற்றத்தில் எனக்கே வாந்தி வரும். அவர் ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. இருபது நாளில் முழுப் புழுவும் வந்தது. நான் நடந்து போய்ப் பரீட்சை எழுதினேன்.

இந்தக் கதையைத்தான் மிஸஸ் பெல் கேட்டார். "தாளில் போடலாம் சாமி, மற்ற மாணவர்கள் உங்களைப் புரிந்துகொள்வார்கள்" என்றார். எனக்கும் ஆசைதான். எழுதிக் கொடுத்தேன். மாதன் என்ற பெயரைப் போடவில்லை. 'எங்கள் கிராமத்து வைத்தியர் ஒருவர்' என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. 'புழுவோடு வந்த மாணவர்' என்று தலைப்புக் கொடுத்து அவர் அச்சிட்டார்.

அடுத்த வாரம் டீ அறைக்குப் போனபோது மிஸஸ் பெல் எனக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு புதுக் கோப்பை. நீலப் பெயின்ட்டில் அதன்மேல் 'சாமி' என்று அழகாக எழுதியிருந்தது.

"உங்களுக்கு வசதியாக இருக்கும் என்று நினைத்தோம்" என்றார்.

"எனக்கு எதற்கு இவ்வளவு மரியாதை?" என்றேன்.

"மரியாதையா?" என்று கேட்டு அவர் சிவந்து போனார். "ஆமாம், அப்படியும் சொல்லலாம்."

கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நம் வீடுகளில் பெயர் வெட்டிய பாத்திரம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சர்ச்சில் என் முதல் நற்கருணைக்கு மாமா வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் தம்ளரில் என் பெயர் வெட்டியிருக்கிறது. அதில் வேறு யாரும் குடிக்க அம்மா விடமாட்டார். அதே பெருமையோடு அன்றைக்கே அக்காவுக்கு எழுதினேன். அக்கா அரூரில் டீச்சர். 'இங்கேயும் எனக்குப் பேர் போட்ட தம்ளர் கொடுத்துவிட்டார்கள்' என்று எழுதிய அந்த மடையனை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

திங்கள்கிழமை மஞ்சள் தாள் வந்தது. குடைக்கும் நூலக நேரத்துக்கும் நடுவில் மூன்று வரிகள். 'டீ அறைக் கோப்பைகளைப் பற்றிச் சிலர் கவலை தெரிவித்தனர். தேவைப்பட்டவருக்குத் தனிக் கோப்பை தரப்பட்டுள்ளது. மற்றவர்கள் பொதுக் கோப்பைகளைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.' நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்தேன். அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பதினொரு கொக்கிகளில் பெயர் எழுதிய கோப்பை என்னுடையது மட்டும்தான். பக்கத்துக் கொக்கி இரண்டையும் காலியாக விட்டிருந்தார்கள்.

மிஸஸ் பெல்லின் கதவைத் தட்டினேன். "இது தண்ணீரில் இருக்கும் பூச்சி வழியாக வருவது. கோப்பையால் வராது. என் காலில் வந்து பத்து வருஷம் ஆகிறது" என்றேன்.

"எனக்குத் தெரியும் சாமி. எனக்கு ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான்."

படித்தவர்கள்! கணிதத்திலும் சரித்திரத்திலும் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவர்கள்! சிகரெட் சாம்பலைத் தட்டிய கோப்பையைக் கழுவாமல் டீ ஊற்றிக் குடிப்பார்கள். என் வாய் பட்ட கோப்பைதான் அவர்களுக்கு ஆகாது. என் அறைக்குப் போய் மஞ்சள் தாளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதினேன். 'நான் ஏழைக் கிராமத்திலிருந்து வந்தவன். எங்கள் வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும், நாங்கள் குடிக்கும் தம்ளரிலேயே அவருக்கும் கொடுப்போம். தனித் தம்ளர் என்பது எங்களுக்குத் தெரியாது.'

மிஸஸ் பெல் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டார். படித்துக் கண் கலங்கினாராம். சிவப்புத் தலைமுடிக் கணித மாணவன் வந்து கையைக் குலுக்கி, "உங்கள் ஊரிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றான். பெயர் எழுதிய கோப்பை அலமாரிக்குள் போய்விட்டது. நான் வெற்றி வீரனாகப் பொதுக் கோப்பையில் டீ குடித்தேன். அந்தத் தாளை அக்காவுக்கும் அனுப்பி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது.

'தம்பிக்கு. நீ அனுப்புன மஞ்சப் பேப்பர எங்க ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் வாங்கிப் படிச்சாங்க. உங்க வூட்ல அப்பிடியாங்கன்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது? எந்த வூட்டப் பத்திடா எழுதியிருக்க? ஞாயித்துக்கிழமை நான் வூட்டுக்குப் போனப்ப மாதன் வந்தான். அதே அலுமினியத் தம்ளருதான், அடி நசுங்கிக் கெடக்குது. சாமி கால் நல்லா இருக்குதுங்களான்னு கேட்டான்.'

அந்தத் தம்ளர் எனக்குத் தெரியும். மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். என் காலிலிருந்து சீழைத் துடைத்த பிறகு மாதன் கையைக் கழுவிக்கொண்டு, அதை உருவி, தானே அலம்பி, இரண்டு கையாலும் நீட்டுவார். அம்மா ஒரு முழம் உயரத்திலிருந்து காப்பியை ஊற்றுவார். சூடான காப்பி அவர் விரல்மேல் தெறிக்கும். குடித்துவிட்டுக் கழுவித் திரும்பவும் கூரையில் செருகிவிட்டுப் போவார். என் புழுவைத் தொட்ட கை அது. எங்கள் பாத்திரத்தைத் தொடக் கூடாது. ஒருநாள் நான் அம்மாவிடம் கேட்டேன்தான். "எனக்கு ஒண்ணுமில்லடா, பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார். அது எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. அந்த இருபது நாளும் நான் அந்தக் காப்பியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொய்யை மறதியில் எழுதிவிடவில்லை, வாசகர்களே. தெரிந்தேதான் எழுதினேன்.

அக்காவுக்குப் பதில் போட்டேன்: 'இனிமேல் மாதனுக்கு என் பேர் வெட்டின தம்ளர்ல காப்பி குடு. நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லு.' இங்கிருந்து உத்தரவு போட ஏர்மெயில் தாள் ஒன்றே போதும். அக்காவின் மறுகடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது. 'அம்மா கையால அது ஆகாது. எனக்கும் தைரியமில்ல. நீ வந்து குடு.'

மறுநாள் அலமாரியைத் திறந்து என் கோப்பையை எடுத்துப் பழைய கொக்கியிலேயே மாட்டினேன். மிஸஸ் பெல் பதறிப்போய், "எங்கள்மேல் இன்னும் கோபமா சாமி?" என்று கேட்டார். "உங்கள்மேல் இல்லை" என்றேன். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அவருக்குப் புரியவில்லை. பொதுக் கோப்பை என் பொய்க்குக் கிடைத்த பரிசு என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் எனக்குத் தைரியமில்லை. மிஸஸ் பெல்லின் மஞ்சள் தாள் இன்றும் எங்கள் கிராமத்தைப் புகழ்ந்தபடியே நூலகத்துக் கோப்பில் இருக்கிறது.

ஆய்வேடு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. முடிந்ததும் ஊருக்கு வருவேனா, இங்கேயே வேலை தேடுவேனா என்று கேட்டு நண்பர்கள் எழுதுகிறார்கள். அக்காவின் கடிதத்துக்கே நான் இன்னும் பதில் போடவில்லை. தினமும் டீ குடித்ததும் என் கோப்பையை நானே அலம்பிக் கொக்கியில் மாட்டுகிறேன். அங்கே மாதனும் தன் தம்ளரை அலம்பிக் கூரையில் செருகிக்கொண்டிருப்பார். எனக்கு இங்கே யாரும் உயரத்திலிருந்து ஊற்றுவதில்லை.