ஐந்து அங்குலத்துக்குள் ஒரு பட்டன்

எங்கள் ஆபீஸ் ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில். வாழைத்தார்களைக் காந்தி மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போகும் வேன்களுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். விவசாயி மாலை ஆறு மணிக்குள் அதில் இடம் கேட்டால், மறுநாள் விடிகாலை வேன் தோட்டத்துக்கே வந்துவிடும். பெரிய போன்களில் ஒரு குறையும் இல்லை. சின்ன போன்களில்தான் இடம் கேட்கும் பச்சைப் பட்டன் திரைக்குக் கீழே போய் மறைந்துகொண்டது.

அதைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது. எந்த போனாக இருந்தாலும் பட்டன் திரையின் அடியிலேயே ஒட்டி நிற்கும்படி மாற்றினேன். அப்பாவின் போன் ஐந்து அங்குலம்தான். அந்த அளவை லேப்டாப்பில் வைத்தும் பார்த்தேன். அழகாக நின்றது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். நான் செய்தது என்பதற்காகவே, திருவெள்ளறையில் அப்பா வழக்கமான டெம்போக்காரரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அறுபது பூவன் தாரை வெட்டி அடுக்கிவிட்டார். ஆறு மணிக்குச் சில நிமிடங்களே இருந்தபோது போன் வந்தது.

"தம்பி, நீ சொன்ன பச்சையக் காணோம்ப்பா."

"அடியிலேயே இருக்கும்ப்பா. ஸ்பீக்கர்ல போட்டுட்டு நல்லா பாருங்க."

"அடியில கருப்பால்ல இருக்கு."

எந்தக் கருப்பு? என் திரையில் கருப்பே கிடையாது. எழுதியதையெல்லாம் மேலும் கீழும் தேடினேன். அதற்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"என்னா கருப்பு? நீங்க மாட்டி வச்ச சைக்கிள் டியூப்பு அது! நல்லா பாத்தீங்க போங்க!"

ரேஷன் கார்டையும் ஆதார் கார்டையும் போனின் முதுகில் வைத்து, சைக்கிள் டியூபை வளையமாக அறுத்து மாட்டியிருப்பார் அப்பா. ஊரில் பாதிப் பேர் போன் அப்படித்தான். வளையம் சரியாகத் திரையின் அடியில் கிடக்கும். இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான்.

"கழட்டுங்கப்பா, சீக்கிரம்!"

"இருடா, கார்டெல்லாம் கொட்டுது."

பக்கத்து நாற்காலியிலிருந்த சீனியரைப் பார்த்தேன். "ஆறு அடிச்சா வேன்காரங்க சர்வர் தானா மூடிக்கும். நம்ம கையில இல்லப்பா," என்றார்.

"கழட்டிட்டேன்," என்றார் அப்பா. "பட்டன் இருக்கு. ஆனா பச்சையா இல்லியே, சாம்பலால்ல இருக்கு?"

மணி ஆறைத் தாண்டியிருந்தது. நேரம் முடிந்தால் பட்டன் வேலை செய்யாமல் சாம்பல் நிறமாக வேண்டும் என்று எழுதியதும் நான்தான். அடுத்த வேனுக்கு இரண்டு நாள்; டெம்போக்காரரும் இந்நேரம் வேறு லோடு பிடித்திருப்பார். அதுவரை வெட்டிய தார் என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும்.

"அழுத்திக்கிட்டேதான் இருக்கேன் தம்பி. இன்னும் கொஞ்சம் பலமா அழுத்தவா?"