கிழக்கு எல்லைக்காரர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கிராமங்களில் வீடு வாங்க அரசுக் கடன் தரும் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. விதிகள் அத்தனையும் மனப்பாடம்; அதைத்தான் அறிவு என்று நினைத்திருந்தேன்.

ராயபுரத்தில் வாடகைக்கு இருந்த துறைமுகக் கூலி ஒருவர், எண்ணூர்க் கடற்கரையில் ஓட்டு வீடு ஒன்றை வாங்க மனு கொடுத்தார். ஆட்சேபணை இல்லையென்று நான்கு பக்கத்து எல்லைக்காரர்களும் கையெழுத்திட வேண்டும். மூன்றுதான் இருந்தன. மனுவை நிறுத்திவைத்து, நான்காவதைக் கேட்டுக் கடிதம் அனுப்பினேன்.

நேரில் வந்துவிட்டார். "கிழக்கால கடலு கீது சார். அதாண்ட எப்டி கையெழுத்து வாங்குறது?"

"விதியில் கடலுக்கு விலக்கு இல்லை" என்றேன். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

இரண்டு மாதம் கழித்து, மனுவோடு வைத்த பத்திர நகலைத் திரும்ப வாங்க வந்தார். வீட்டை யாரோ ரொக்கத்துக்கு வாங்கிவிட்டார்களாம். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வுடு நைனா. நீ இன்னா பண்ணுவ, படிச்சவன்" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

முப்பது வருட உத்தியோகத்தில் எத்தனையோ மேலதிகாரிகளை மனத்துக்குள் முட்டாள் என்று ஏசியிருக்கிறேன். அந்த முட்டாள்களில் எவராலும் ஒரு குடும்பம் வீடிழந்ததாக எனக்கு நினைவில்லை.