அம்மாவின் முட்டிக்கு ஒரு வெந்நீர் ஊற்று

எங்கள் ஊரில் சித்திரை மதியத்தில் வெந்நீர் வேண்டுமென்றால் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயைத் திறந்தால் போதும், அந்தத் தண்ணியில் கோழி உரிக்கலாம். திருச்சுழியைச் சுற்றியுள்ள இந்தக் கரிசல் காட்டில் சூட்டுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை, தண்ணிக்குத்தான். இப்படிப்பட்ட ஆட்களைக் கூப்பிட்டு வைத்துச் சுடுதண்ணியைக் காட்டிக் காசு பார்க்கலாம் என்று ஒருவர் யோசித்திருக்கிறார் என்றால், அந்த மூளைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். நான் போட்டேன். அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டேன்.

என் சுபாவத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையாவது பார்த்தால் உடனே செய்து பார்த்துவிட வேண்டும் எனக்கு. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் காளான் வளர்த்தேன், அழுகியது. மீன் தொட்டி வைத்தேன், பூனை பார்த்துக்கொண்டது. தேனீப் பெட்டி வாங்கினேன். தேனீக்கள் எங்கள் ஊர் வெயிலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வேறு தாலுகாவுக்குக் குடிபோய்விட்டன. அதற்கெல்லாம் பிறகு வந்ததுதான் அம்மாவின் முட்டி.

அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தது. காட்டு வேலைக்குப் போவது நின்றது, கல்யாணம் காட்சிக்குப் போவது நின்றது, கடைசியில் தெருமுக்குக் கடைக்குப் போவதும் நின்றது. மதுரையில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "எலும்போட எலும்பு உரசுதும்மா. மூட்டை மாத்துறதுதான் வழி. தள்ளிப்போடாதீங்க."

அம்மா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள். "கழட்டி மாட்டுறதுக்கு இதென்ன டிராக்டரு டயரா? நான் வரமாட்டேன்."

ஒரு வருசம் கெஞ்சினேன், மிரட்டினேன், வீடியோ காட்டினேன். ஆபரேஷன் முடிந்து மலை ஏறுகிற பாட்டியெல்லாம் இருந்தார்கள் அந்த வீடியோக்களில். "அவளுக்கு வேற வேலயில்ல" என்றாள் அம்மா. அப்போதுதான், காரியாபட்டி தாண்டி மதுரை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, 'இயற்கை வெந்நீர் ஊற்று' என்று ஒரு ரிசார்ட் திறந்திருக்கும் விளம்பரம் என் போனில் வந்தது. மூட்டுவலி, முதுகுவலி, மன அழுத்தம் எல்லாவற்றுக்கும் நல்லதாம்.

அம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒப்பந்தம் பேசினாள். "இங்க போவோம். முட்டி சரியாப்போச்சுன்னா ஆஸ்பத்திரிப் பேச்ச நீ ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது. சரியாகலேன்னா, நீ எங்க கூப்புட்டாலும் வாரேன்."

நான் உடனே கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். தேய்ந்த மூட்டை உலகத்தில் எந்த ஊற்றும் வளர்த்துத் தராது. நான் தோற்க வழியே இல்லாத பந்தயம். ஒரு ராத்திரி குளியல், மறுவாரம் ஆபரேஷன். மனசுக்குள் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிவிட்டேன்.

பொங்கல் முடிந்த வாரம் போனோம். வாசலிலேயே சின்னக் கண்ணாடி டம்ளரில் நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "மருந்தா, ஆத்தா?" என்று என்னிடம் கேட்டார். அறையில் கட்டில்மேல் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அதைத் தொடவே அம்மா பயந்தாள். "இத வச்சு எப்படித் தொவட்டுறது? பிரிச்சா கழுத்து ஒடிஞ்சிரும்." கடைசிவரை அது அங்கேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன ஈரிழைத் துண்டுதான் மூன்று பேருக்கும்.

குளம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சுற்றிலும் செயற்கைப் பாறை, மேலே ஆவி, இறங்க அகலமான படி, பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. டை கட்டிய மேனேஜர், அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார். "மேடம், காஸ்ட்யூம் போட்டாத்தான் அலோ பண்ணுவோம்."

"எதுக்குப்பா? என்ன வேசம் கட்டணும்?"

அம்மா போட்டிருந்த நைட்டியே காஸ்ட்யூம்தான் என்று நான் வாதாடி ஜெயித்தேன். ஆனால், வாதாடிய நேரத்தில் அம்மாவைக் கவனிக்கவில்லை. வெந்நீர்க் குளியல் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். பையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து, உச்சந்தலையிலிருந்து முட்டி வரைக்கும் அரக்கித் தேய்த்து, சீயக்காய்ப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, சாமி கும்பிட்டு, உள்ளே இறங்கிவிட்டாள். குளத்தில் வட்டவட்டமாக எண்ணெய் மிதக்க ஆரம்பித்தது. மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு ஜோடி மூலைக்கு ஒதுங்கியது.

"மேடம்! ஆயில்! ஆயில்!" என்று மேனேஜர் கரையிலேயே குதித்தார்.

"நல்லெண்ணெய்தான்பா. செக்குல ஆட்டுனது. ஒண்ணுஞ் செய்யாது" என்று அம்மா அவருக்கு ஆறுதல் சொன்னாள். அப்பா மறு கரையிலிருந்து, "சீயக்காயும் போட்டாத்தான தம்பி எண்ணெய் போகும்?" என்று யோசனை வேறு சொன்னார். மேனேஜர் வலை எடுக்க ஓடினார்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன், அம்மாவைத் திரும்பிப் பார்க்கும்வரை. கண்ணை மூடியிருந்தாள். ரெண்டு காலும் தண்ணிக்குள் தானாக எழும்பி நின்றன. முகத்தில் எப்போதும் இருக்கும் அந்தச் சுளிப்பு, அது அவளுடைய முகமே என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அது, காணாமல் போயிருந்தது. "ஏடி" என்றாள், கண்ணைத் திறக்காமல். "முட்டின்னு ஒண்ணு இருக்கதே தெரியல."

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருட்டும்வரை ஊறிவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறி, சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். உட்காரும்போது முனகவில்லை. தோசையைப் பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "வலி போச்சு. இனி ஆஸ்பத்திரின்னு சொன்ன, வாயில சூடு வப்பேன்."

தோற்க வழியில்லாத பந்தயத்தில் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

மீன்கள் பூனைக்குப் போனாலும் மீன் தொட்டியின் தெர்மாமீட்டர் என்னிடம் உயிரோடு இருந்தது. ஊற்றைப் பற்றி வீடியோ போடலாம் என்று கொண்டுபோயிருந்தேன். காலையில் எல்லாருக்கும் முந்தி எழுந்து போய்க் குளத்தில் வைத்தேன். தண்ணி சில்லென்று இருந்தது. எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. சரி, டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று போனேன். திரும்பி வந்தால் கதகதப்பாக ஏறிக்கொண்டிருக்கிறது. பூமிக்கடியில் இருக்கும் ஊற்று ராத்திரி தூங்கிக் காலையில் எழுந்திருக்குமா என்ன? குழாய் போன வழியே காகிதப்பூச் செடிகளுக்குப் பின்னால் போனேன். ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு பாய்லர், திகுதிகுவென்று தீ. பக்கத்தில் ஒரு மினி லாரியிலிருந்து விறகு இறக்கிக்கொண்டிருந்தார்கள். விறகுக் குவியல்மேல் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் அப்பா.

"வாத்தா, வா. இது என்னன்னு சொல்லு பாப்போம்" என்று ஒரு கட்டையைத் தட்டினார்.

"வெறகு."

"நம்ம வெறகுத்தா! நம்ம காட்டு ஓடை ஓரமா சீமைக் கருவேலம் மண்டிக் கெடந்துச்சுல்ல. போன மாசம் வெட்டி லோடு ஏத்துனாகளே, இந்தா, இவுகதான்."

லாரிக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அண்ணன் வெறகு நின்னு எரியுது தங்கச்சி."

"அப்ப ஊத்து எங்க?"

"அது இருக்கே, முன்னாடி போர்டுல."

எனக்குத் தலையில் அந்தப் பாய்லரைவிடச் சூடு. "அப்பா, நம்மள ஏமாத்தியிருக்காங்க!"

"எங்கத்தா ஏமாந்தோம்? நம்ம வெறகுலதான நாம குளிச்சிருக்கோம்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் இன்ஜினியரிங் முடித்த அன்றுகூட அந்தப் பெருமையைப் பார்த்ததில்லை. விதைத்தது ஒன்றும் விளையாத அந்த நிலத்தில், விதைக்காமல் முளைத்த முள் மரம் ஒன்று ரிசார்ட்டுக்கு வந்து ஆள் குளிப்பாட்டுகிறதே.

மேனேஜரைப் பிடித்துச் சண்டை போட்டேன். அவர் டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "தண்ணி பூமியிலேர்ந்துதான மேடம் வருது? சூட்டுக்கு நாங்க ஒரு சப்போர்ட் குடுக்கோம், அவ்வளவுதான்." எண்ணெய்க் குளத்தைக் கழுவிய கோபம் அவர் குரலில் இருந்தது. அதற்குமேல் வாயைக் கொடுக்க எனக்கும் யோக்கியதை இல்லை.

"அம்மாகிட்டச் சொல்லாதத்தா. ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சுக்கிட்டிருக்கா" என்றார் அப்பா. சொல்லாமல் எப்படி இருப்பது? அம்மா இதை நம்பினால் ஆபரேஷன் இல்லை. ஊற்று பொய் என்று தெரிந்தால் வலி திரும்பி வந்துவிடும், அவளும் மதுரைக்கு வந்துவிடுவாள். பெற்ற தாய்க்கு வலி வர வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே மகள் அன்றைக்கு நானாகத்தான் இருந்திருப்பேன். காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாய்லர், லாரி, சப்போர்ட், எல்லாம்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "நம்ம வெறகா?"

"ஆமா புள்ள. ஓட ஓரத்து வெறகு."

அவள் உடையப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். "அப்ப இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? வெறகு நம்மகிட்ட மலையாக் கெடக்கு. வீட்டுலயே காய்ச்சிக் குளிச்சிக்கிடுதேன்."

மாட்டை விற்றபின் சும்மா கிடந்தது, அதற்குத் தண்ணி காட்டிய சிமெண்டுத் தொட்டி. அப்பா அதை வைக்கோலால் தேய்த்துக் கழுவினார். முற்றத்தில் மூன்று கல் கூட்டி அண்டாவை ஏற்றினார். தினமும் காலையில் கருவேலப் புகை. அம்மா அப்பா தோளைப் பிடித்து, பெஞ்சில் ஏறி, தொட்டிக்குள் இறங்கி, மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். நல்லெண்ணெய்க்கு இங்கே தடையில்லை. எதிர்வீட்டு அத்தை ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்து, "மதினி, நானும் ஒரு கால மட்டும் வச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டார். அம்மா பெருந்தன்மையாக இடம் விட்டாள். அதற்குப் பிறகு அந்த அத்தையின் கால் தினமும் வந்தது.

சூட்டில் காலை முழுக்க அம்மா நன்றாக இருப்பாள். மதியம் ஆனால் சுவர் தேடும் கை. நான் பார்த்தால் அந்தக் கை உடனே சேலையைச் சரிசெய்யும். கேட்டால் வாயில் சூடு. நான் கேட்கவில்லை. சத்தியம் செய்தவளாயிற்றே.

மாசி மாதம் ஒரு காலை, அப்பா அண்டாத் தண்ணியைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். நான் உள்ளே ஆபீஸ் மீட்டிங்கில், கேமராவை அணைத்துவிட்டு இட்லி தின்றுகொண்டிருந்தேன். மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. முடித்து வெளியே வந்தால், அம்மா இன்னும் தொட்டிக்குள் இருக்கிறாள். யாரையும் கூப்பிடாமல் தானாகவே இறங்கியிருக்கிறாள்.

"எந்திரிம்மா, வெயில் ஏறிருச்சு."

"இரு. இன்னுங் கொஞ்ச நேரம்."

கையை விட்டுப் பார்த்தேன். "தண்ணி ஆறிப்போச்சேம்மா."

"எனக்கு இப்படித்தான் புடிக்கும்."

தொட்டி விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. எழுந்திருக்க எத்தனை தடவை முயன்றாளோ, தொட்டியைச் சுற்றி ஒரே சேறு. அங்கே அகலமான படி இருந்தது, கம்பி இருந்தது. இங்கே அப்பாவின் தோள்தான் படி, அது காட்டுக்குப் போய்விட்டது. நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். எண்ணெய் உடம்பு வழுக்கிக்கொண்டு திரும்பவும் தண்ணிக்குள் போனது. எதிர்வீட்டு அத்தையைக் கத்திக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.

"மதினி, கொஞ்சம் எக்குங்க!"

"எக்க முடிஞ்சா உன்ன எதுக்குடி கூப்புடுதோம்?"

அத்தை வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். அதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பிடி நழுவியது. மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அம்மாவுக்கு அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவழியாக வெளியே எடுத்துக் கட்டிலில் உட்கார வைத்தோம். நான் துவட்டினேன். முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது.

அவளாகத்தான் கேட்டாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அந்த மதுர ஆஸ்பத்திரியில படியா, லிப்டா?"

"லிப்டும்மா."

"தேதி கேளு."

நான் அந்த நிமிசமே போன் போட்டேன். மணி அடிக்கும்போதே அடுத்த கட்டளை வந்தது. "குளிக்க வெந்நீர் உண்டான்னும் கேட்டுக்க."

கேட்டேன். மறுமுனையில் ஒரு பெண், எல்லா ரூமிலும் கீசர் இருக்கிறது என்றார். சொன்னேன். தலைச்சுமை விறகோடு அப்போதுதான் வாசலில் வந்து நின்ற அப்பா, கட்டை இறக்காமலே கேட்டார்.

"அப்ப வெறகு வேண்டாமாக்கும்?"