சவுக்காரக் கவர் அறுபத்து நான்கு

அந்த நான்கு மாதங்களில் நடந்தவை இவை:

1. எங்கள் பள்ளிக்கூடத்துச் சுற்றாடல் கழகம், கொத்மலை நீர்த்தேக்கத்தின் கரையைச் சனிக்கிழமைதோறும் கண்காணிக்கத் தொடங்கியது.
2. கரையில் குப்பை குறைந்தது.
3. பிறகு கூடியது.
4. கரைக்கு முள்கம்பி வேலி வந்தது.

இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நடந்தது என் யோசனை. எனக்கு அப்போது பதினொரு வயது. தொண்ணூறுகளின் கடைசி.

கழகத்தை நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த விஞ்ஞான ஆசிரியர். கரை மேட்டில் ஏழு முளைகள் அடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மண் விளிம்பு எவ்வளவு தூரம் என்று நாடா பிடித்து அளக்கச் சொன்னார். கண்ணில் படும் நீர்க்காகம், மீன்கொத்தி, கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு எல்லாவற்றையும் எண்ண வேண்டும். குப்பையை வகை வகையாக எண்ணிப் பொறுக்க வேண்டும். என் கையெழுத்து தெளிவு என்பதால் கணக்கு எழுதும் கொப்பி என்னிடம் வந்தது. அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி இருப்பதாக எனக்குத் தெரியாது.

நாங்கள் எண்ணிய இடம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு நேர் கீழே இருந்த பாறை. பன்னிரண்டு காம்பராவுக்கு, அதாவது பன்னிரண்டு வீட்டுக்கு, ஒரே பைப், அதுவும் தை பிறந்தால் காய்ந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் லயத்துப் பெண்களும் அந்தப் பாறையில்தான் துணி துவைத்துக் குளித்தார்கள். அதை விட்டால் மலைக்கு அந்தப் பக்கத்து ஓடைதான். ஈரத்துணியோடு ஏறி வர ஒரு மணி நேரம்.

முதல் சனிக்கிழமை நாற்பத்தொரு சவுக்காரக் கவர், துணி சோப்பு சுற்றி வரும் உறை. அடுத்த வாரம் இருபத்து மூன்று. மூன்றாம் வாரம் ஒன்பது. கொப்பியை மாமா வாங்கிப் பார்த்தார். அம்மாவின் தம்பி, எதையும் நேராகப் பேசத் தெரியாதவர்.

"என்னாடி இது, வாரா வாரம் எறங்கிக்கிட்டே போவுது? இப்புடிக் கொழுந்து எடுத்தா கங்காணி அரைப் பேருதான் போடுவாரு. பாத்துக்க, சேரு கொப்பியப் புடுங்கி வேற புள்ளகிட்ட குடுத்துருவாரு."

கொழுந்து நிறை குறைந்தால் அன்றைய நாளை முழு நாளாக எடுக்கமாட்டார்கள். அதுதான் அரைப் பேர். அரைப் பேர் விழுந்த அன்று அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் மாமாவின் கேலியை நான் கேலியாக எடுக்கவில்லை.

ஆசிரியரிடமே கேட்டேன். எண்ணிக்கை குறைந்துவிட்டது, பரவாயில்லையா சேர்?

"எண்ணுறதுதான் பிள்ளை உங்கட வேலை. கூடினாலென்ன, குறைஞ்சாலென்ன, கிடக்கிறதை எழுதுங்கோ" என்றார்.

கை ஓடாத ஆளுக்குச் சொல்லும் ஆறுதல் என்றே அதை விளங்கிக்கொண்டேன்.

நான்காம் சனிக்கிழமை விடிந்ததும் சின்னம்மாவின் மகளைக் கூட்டிக்கொண்டு லயத்தின் பின்னால் கழிவுநீர் ஓடும் கானுக்குப் போனேன். கானில் சவுக்காரக் கவர் குவிந்து கிடந்தது. எப்படி வந்தது என்று நாங்கள் யோசிக்கவில்லை. உரப்பையில் அள்ளிப் போய்ப் பாறையைச் சுற்றிப் பரவலாகப் போட்டோம். பிறகு மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒழுங்காக எண்ணிப் பொறுக்கினோம். ஐம்பத்திரண்டு. எழுதினேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே வேலை. கூடியபட்சம் அறுபத்து நான்கு.

தவணை முடிவில் ஆசிரியர் என் பக்கங்களைப் பிரதி எடுத்து, நீர்த்தேக்கத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு அனுப்பினார். அவர் அனுப்பியது முளைக் கணக்குக்காக. மூன்றாம் முளையருகே கரை ஒரு சாண் உள்ளே போயிருந்தது. அந்தப் பகுதியை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. குப்பைப் பகுதியை வாசித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் அந்த அலுவலகத்து அதிகாரி, ஒரு சிங்கள மாத்தயா, வந்து இறங்கினார். பாறையில் ஏழெட்டுப் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவுக்குத் துணி பிழிந்துகொண்டிருந்தேன். தண்ணீரை அசுத்தமாக்குகிறீர்கள், இனி இங்கே இறங்கக்கூடாது என்றார். அம்மா எழுந்து சிங்களத்தில் பதில் சொன்னார். நாங்கள் ஒரு கவர்கூட இங்கே போடுவதில்லை, பிள்ளைகள் எண்ண வரத் தொடங்கியதிலிருந்து எல்லாவற்றையும் வாளியில் மேலே கொண்டுபோய்க் கானில்தான் கொட்டுகிறோம் என்றார்.

பிறகு பக்கத்துப் பெண்ணிடம் தமிழில், "நாந்தானக்கா எல்லாத்துக்கும் சொன்னேன், எம் மக எண்ணுது, அது பேரக் கெடுத்துறாதீங்கன்னு" என்றார்.

மாத்தயா பைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். தாளைப் பார்த்தார். சவுக்காரக் கவர் அறுபத்து நான்கு. அதன் கீழே என் பெயர், ஆறாம் ஆண்டு.

"மே கவுத லிவ்வே?" என்று கேட்டார் மாத்தயா. யார் எழுதியது என்று அதற்கு அர்த்தம். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"ஹரி மாத்தயா", சரி ஐயா, என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாளியைத் தூக்கினார். மற்றப் பெண்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். "வாங்கடி போவோம்" என்றார்.

அடுத்த மாதம் வேலி அடித்தார்கள். அம்மா ஓடைக்கு நடக்கத் தொடங்கினார்.

அன்று அம்மாவுக்குச் சிங்களத்தில் சொல் வராமல் போய்விட்டது, அதனால்தான் பாதியில் நிறுத்தினார் என்று நான் நினைத்தேன். அதைப் பல வருடங்கள் நம்பினேன். அம்மாவோ கொத்மலைச் சந்தையில் மரக்கறி முதலாளியோடு அரை மணி நேரம் சிங்களத்தில் சண்டை பிடிக்கக்கூடியவர். அன்று இன்னும் ஒரு வசனம் பேசியிருந்தால், பொய் சொன்னது மகளின் கொப்பி என்றாகியிருக்கும்.

இப்போது லயத்துக்கு மூன்று பைப் இருக்கின்றன. நான் நில அளவைப் பகுதியில் வேலை செய்கிறேன். வேலி அப்படியே இருக்கிறது. கானிலிருந்து கவர்களை அள்ளிப் போனது நான்தான் என்று அம்மாவுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை.