போகாத ஊரின் நேரம்
விசா கைக்கு வருவதற்கு முன்பே வேலையை விட்டவள் அந்த மூன்றாம் வார்டு நர்ஸ். போகிறவள் சும்மா போனாளா? "இனிமே இந்த வார்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று வாய் வேறு. கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்து வழியனுப்பினார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே அதை வெளிநாட்டு நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

விசாவை மறுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்தாள். பிறகு பெரிய டாக்டரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, இன்று காலை அதே வார்டில் வந்து நின்றாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"நாலாம் படுக்கைக்கு நாடி பாரும்மா" என்றாள் தலைமை நர்ஸ்.

நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் தன் கை வெறுங்கை என்பது அவளுக்கு உறைத்தது. கட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டுக் கடிகாரத்தைப் பைக்குள் போட்டிருந்தாள். வேறு வழியில்லாமல் வெளியே எடுத்தாள். காலை பத்து மணிக்கு அது ஆறரை காட்டியது.

தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சார்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நொடி முள் சரியாத்தான் ஓடுது. நீ நாடியை எண்ணு. மணியை நான் எழுதிக்கறேன்."