இரண்டு காதுக்கும் தனித்தனித் திருகு

போன மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இடது காதில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பக்கம் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது. சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சேலத்து டாக்டர் ஊசி, மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, "வந்த வரைக்கும் லாபம்னு வெச்சுக்குங்கம்மா, மீதி இனிமே வராது" என்றார்.

மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்குத் தையல் கடை இருக்கிறது. அரைக் காது குறைந்தாலும் தைக்க முடியும். ஆனால் யாராவது கூப்பிட்டால் ஆள் இல்லாத பக்கமாகத் திரும்புவேன். அதைவிட, பாட்டு போய்விட்டது. மெஷினுக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்து, போனை ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டி நாகஸ்வரமும் வயலினும் கேட்டுக்கொண்டேதான் தைப்பேன். காய்ச்சலுக்குப் பிறகு எல்லா வித்வான்களும் வலது பக்கச் சுவரோடு ஒதுங்கி உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் போடுவதையே நிறுத்திவிட்டேன்.

"ஏம்புள்ள, இப்பல்லாம் பாட்டே போடறதில்ல?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"மெஷின் சத்தத்துல எதுக்குங்க" என்றேன்.

ஒருநாள் லைனிங் துணி எடுக்க மலையிறங்கினோம். தோட்டத்து மோட்டாருக்கு ஏதோ சாமான் வேண்டும் என்று அவர் அடிவாரத்தில் ஒரு பாயின் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தார். அங்கே ஆணியில் மிக்ஸி ஜாடிகளுக்கு நடுவே ஒரு ஹெட்போன் தொங்கியது. தேங்காய் மூடி அளவுக்கு இரண்டு கிண்ணங்கள், சுருள் சுருளான ஒயர், கட்டைவிரல் பருமனில் பின். சும்மா எடுத்துத் தலையில் மாட்டினேன். ரோட்டில் போன லாரிகள் தூரமாகப் போய்விட்டன. எடுக்க மனசு வரவில்லை.

"ஒரு பெரிய ஊட்ட காலி பண்ணினப்ப வந்தது தங்கச்சி" என்றார் பாய். "ரெண்டு பக்கமும் தனித்தனியா வால்யூம் இருக்குது பாருங்க. இப்ப யாரு இத கேக்கறா? எல்லாரும் காதுக்குள்ள சின்னதா சொருகிக்கறாங்க."

ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் ஒரு சின்னத் திருகு இருந்தது. பாய் தன் ரேடியோ செட்டில் மாட்டி ஒரு வயலினை ஓடவிட்டார். வழக்கம்போல் அது வலப்பக்கம் போய் நின்றுகொண்டது. இடது திருகைக் கூட்டப் பார்த்தேன், இரைந்தது. விட்டுவிட்டு வலதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். வயலின் மெதுவாக நகர்ந்தது. காதை விட்டு வலது நெற்றிப்பொட்டைத் தாண்டி இரண்டு புருவத்துக்கும் நடுவில் வந்து நின்றது.

"நடுவுல வந்துருச்சுங்க!" என்று கத்தினேன். ஹெட்போன் மாட்டியிருப்பவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் பதறிப்போய், "என்ன புள்ள, வலிக்குதா?" என்றார்.

வாங்கிக் கடைக்குக் கொண்டுவந்து பார்த்தால், காதில் படும் இடத்து ரெக்ஸின் வெடித்துக் கறுப்பாக உதிர்ந்துகொண்டிருந்தது. அது என் தொழில்தானே. பொடிந்துபோன ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டி வைத்தேன். ஜாக்கெட்டுக்குத் தைத்து மிஞ்சிய அரக்கு வெல்வெட்டில் உறை போட்டேன். கனம் அதிகம்தான், ஆனால் உச்சந்தலையில் மெத்தை வைத்த பிறகு அந்தக் கனமே பிடித்துப்போனது. மலைக்குளிரில் இரண்டு உள்ளங்கை காதைப் பொத்திக்கொண்ட மாதிரி கதகதப்பாக இருக்கும். சத்தமும் அப்படித்தான். புது ஹெட்போன்களின் பளபளப்பு இதில் கிடையாது. தவிலின் தோல் தோலாகக் கேட்கும், நாகஸ்வரக்காரர் மூச்சு இழுப்பது கேட்கும். இடப்பக்கம் மட்டும் லேசாகத் தகர டப்பாவுக்குள் வாசிக்கிற மாதிரி கேட்கும். அது என் காதின் குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே ரோடு தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் கடைக்கு வந்து அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு பக்கந்தான் கேக்குது. ரிப்பேரா போச்சாட்ட இருக்குது" என்று கத்தினார்.

நான் ஒரு பக்கக் கிண்ணத்தைத் தூக்கி, "ரிப்பேரு இல்லீங்க. அது எனக்குன்னு வெச்சது" என்றேன்.

அவர் கழற்றவில்லை. "அப்ப உனக்கு மத்த நேரமெல்லாம் எப்பிடிக் கேக்கும்? அதையும் வெச்சுக் காட்டு."

வலதை முழுக்கத் திறந்துவிட்டு இடதைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். அவருக்குப் பாட்டில் பெரிய நாட்டம் கிடையாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசிப்பு முடியும் வரைக்கும் கேட்டார். அப்புறம் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் கூப்புட்டா நீ திரும்பறதில்லைன்னு எனக்குக் கோவங்கூட இருந்துச்சு புள்ள" என்றார். "இந்த எடது பக்கமா நின்னுக்கிட்டே பேசியிருக்கறேன்."

"நானாவது சொல்லியிருக்கோணுங்க" என்றேன்.

எழுந்து மெஷினைச் சுற்றி என் வலப்பக்கம் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஸ்டூல் இப்போது அங்கேயேதான் இருக்கிறது.

காதை மறுபடி சோதித்துப் பார்த்தாயிற்று, மாற்றம் இல்லை. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. வேலை குறைந்த நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன். ஆள் வந்தால் மேஜையைத் தட்டுவார்கள். சந்தை நாளில் வருகிறவர்களுக்கு இந்த ஹெட்போன் ஒரு வேடிக்கை. போன வாரம் இதே மலையில் தள்ளியிருக்கும் எடப்புளி நாட்டு ஊரிலிருந்து ஒரு அக்கா ஜாக்கெட் வாங்க வந்தார். கொக்கி வைக்க வேண்டியிருந்தது. "அதைக் கொஞ்சம் குடுங்க, என்னதான் கேக்குதுன்னு பாக்கறேன்" என்றார். இரண்டு திருகையும் சமமாக வைத்து மாட்டிவிட்டேன். கொக்கி வைத்து நிமிர்ந்தபோது நாற்காலியிலேயே தூங்கியிருந்தார். எழுப்ப மனசு வராமல் அடுத்த துணியை எடுத்தேன். அவர் கண் விழித்தபோது பஸ் ஸ்டாண்டு காலியாக இருந்தது.

"பஸ்ஸு போயிருச்சுங்களா?" என்றார், ஹெட்போனைக் கழற்றாமலே. "போனாப் போகுது. அடுத்தது வரட்டும்."